பீடத்தின் மேல் நிற்பவரும் கீழே கூடுபவர்களும்

ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் நகரப் பூங்கா ஒன்றில் 1913-ல் நிறுவப்பட்ட நினைவுச்சின்னம் இன்றும் நிற்கிறது. 1864-ல் லா கிராஞ்ச் விரிகுடாப் பகுதியில் கொல்லப்பட்ட மூன்று வெள்ளையர்களுக்கும், அவர்களைத் தேடிப் புறப்பட்டுப் பழங்குடி மக்கள்மீது பழிதீர்க்கும் தாக்குதல் நடத்திய மெய்ட்லண்ட் பிரவுனுக்கும் எழுப்பப்பட்டது அது. 'வஞ்சகமான பூர்வகுடிகள்' இரவில் வந்து கொன்றுவிட்டார்கள் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் ஏன் தாக்கினார்கள் என்பதையும், பிறகு அவர்களில் எத்தனை பேர் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள் என்பதையும் அது சொல்லவில்லை. எண்பது ஆண்டுகள் இப்படியே நின்ற அந்தச் சின்னத்தில் 1994-ல் இன்னொரு பலகை பதிக்கப்பட்டது. தங்கள் முன்னோர் கொல்லப்பட்ட மண்ணைச் சேர்ந்த பழங்குடி மக்களின் பங்கேற்போடு வைக்கப்பட்ட அந்தப் பலகை, இச்சின்னத்தால் மனம் புண்பட்டவர்கள் இதை வைத்திருக்கிறார்கள் என்று ஒளிவுமறைவின்றித் தொடங்குகிறது. பழைய கல்வெட்டு ஒரு தரப்பை மட்டுமே பேசுகிறது என்றும், தம் நிலத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை பழங்குடி மக்களுக்கு இருந்தது என்றும், அந்தத் தாக்குதலில் சுமார் இருபது பழங்குடியினர் இறந்தார்கள் என்றும், வெள்ளையர் தரப்பில் ஒருவருக்குக்கூடக் காயமில்லை என்றும் அது வரிசையாகக் கூறுகிறது. 'மறவாதிருப்போம்' என்று பழைய கல்வெட்டு எந்த வாக்கியத்தில் முடிகிறதோ அதே வாக்கியத்தோடு, அதனுடன் ஒரு பழங்குடி மொழி வரியையும் சேர்த்து, புதிய பலகையும் முடிகிறது.

பழைய கல்வெட்டிலிருந்து ஒரு எழுத்தைக்கூட யாரும் செதுக்கி எடுக்கவில்லை. ஆனால் 1994-க்குப் பிறகு அதன் முன்னே நிற்பவர் எவரும் அதைப் பழையபடி வாசித்துவிட்டு நகர முடியாது. சர்ச்சைக்குரிய சிலைகளைச் சமூகக் குழுக்களோடு சேர்ந்து மறுகற்பனை செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சிறிய பலகைதான். அதில் பெரிய கலைநயம் ஒன்றும் இல்லை. பேச வேண்டியவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் அதன் பலம். இந்த வேலையில் ஒரு கலைஞரின் கற்பனை எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முதன்மையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த உரிமைக்குள் சிலையையே அகற்றிவிடலாம் என்று சொல்லும் உரிமையும் அடங்கியிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் கூட்டப்படும் பட்டறைகளும் கருத்துக்கேட்புகளும், ஏற்கெனவே எடுத்த முடிவுக்குப் பூச்சூட்டும் வேலையாகவே முடிந்துபோகின்றன.

இதை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அங்கே 1895-ல் எட்வர்டு கோல்ஸ்டனுக்குச் சிலை வைத்தார்கள். அவர் அங்கம் வகித்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி, அவர் அதில் ஈடுபட்டிருந்த காலத்தில் மட்டும் ஏறத்தாழ 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது என்றும், அவர்களில் 19,000 பேர் நடுக்கடலிலேயே இறந்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். சிலையின் பீடத்திலோ, இந்நகரின் மிகுந்த நற்பண்பும் அறிவும் கொண்ட புதல்வர்களில் ஒருவருக்குப் பிரிஸ்டல் குடிமக்கள் எழுப்பியது என்று பொறித்திருந்தார்கள். அந்தக் குடிமக்களிடம் திரட்டிய நன்கொடை சிலைச் செலவுக்குப் போதவில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. மக்கள் எழுப்பியது என்று நாம் மரியாதையோடு கடந்துபோகும் பல சிலைகளுக்குப் பின்னால் விரல்விட்டு எண்ணத்தக்க சில செல்வந்தர்களின் விருப்பம் மட்டுமே இருந்திருக்கிறது. ஆகவே, முன்னோர் ஒருமனதாக எடுத்த முடிவை இன்றைய தலைமுறை மாற்றலாமா என்று கேட்பவர்கள், அந்த ஒருமனது எப்போதாவது இருந்ததா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

2018-ல் அந்தப் பீடத்தில் இரண்டாவது பலகை ஒன்றை வைத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்ற முயற்சி நடந்தது. வாசகம் எழுதப்பட்டது, எதிர்ப்பு வந்தது, திருத்தப்பட்டது, மீண்டும் திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்திலும் அடிமை வணிகம் பற்றிய சொற்கள் மழுங்கி, அறக்கொடைகள் பற்றிய சொற்கள் தடித்தன. கடைசியில் அந்த வாசகம் ஏற்கத்தக்கதல்ல என்று மேயரே 2019-ல் அதை நிறுத்திவிட்டார். இதற்கிடையே 2018 அக்டோபரில், அடிமைமுறை எதிர்ப்பு நாளன்று, யாரிடமும் அனுமதி கேட்காமல் சிலையின் காலடியில் நூறளவிலான சிறு மனித உருவங்களை அடிமைக் கப்பலின் வடிவில் வரிசை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். கப்பலின் ஓரங்களில் இன்றும் கொத்தடிமைகளாக உழைப்பவர்களின் தொழில்கள் எழுதப்பட்டிருந்தன. பீடத்தின் மேல் தடியூன்றி நிற்கும் ஒருவர், கீழே நெருக்கியடித்துக் கிடக்கும் நூறு பேர். பலகையின் வாசகம் மாதக்கணக்கில் திணறிக்கொண்டிருந்த செய்தியை அந்த ஏற்பாடு எவருக்கும் ஒரே பார்வையில் சொல்லிவிட்டது. ஆனால் அது தற்காலிகமானதாகவே இருந்து, பிறகு அகற்றப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை உலகம் அறியும். 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்துத் துறைமுக நீரில் தள்ளினார்கள். ஜூலை 15 அதிகாலையில், புகழ்பெற்ற சிற்பி மார்க் குவின், அந்தப் பீடத்தின் மேல் கையுயர்த்தி நின்ற போராட்டப் பெண் ஒருவரின் உருவச்சிலையை அனுமதியின்றி ஏற்றி வைத்தார். நகராட்சி மறுநாளே அதை இறக்கிவிட்டது. சிலை அழகாகவே இருந்தது, அது சொன்ன செய்தியும் நியாயமானது. இருந்தாலும் அப்போது கறுப்பினக் கலைஞர்கள் பலர் எழுப்பிய கேள்வியின் பக்கமே நான் நிற்கிறேன். ஒரு நகரம் தன் காலிப் பீடத்தைப் பார்த்து யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே, வெளியிலிருந்து வந்த செல்வாக்குள்ள ஒருவர் அந்த இடத்தை நிரப்பிவிட்டால், அதுவும் மற்றொரு வகையில் பழைய கதையே. நகராட்சி பிறகு செய்தது மெதுவான வேலை. நீரிலிருந்து மீட்ட சிலையின் மேலிருந்த சாயத்தை அழிக்காமல் அப்படியே பாதுகாத்து, 2021 ஜூனில் எம் ஷெட் அருங்காட்சியகத்தில் நிறுத்தாமல் படுக்க வைத்துக் காட்சிப்படுத்தி, இனி என்ன செய்யலாம் என்று மக்களிடம் கேட்டார்கள். ஏறத்தாழ 14,000 பேர் பதில் எழுதினார்கள். கருத்துச் சொன்ன பிரிஸ்டல்வாசிகளில் ஐவரில் நால்வர் அது அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். இதே கேள்வியைப் பலகைக் காலத்திலேயே, இதே அகலத்தோடு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆஸ்திரேலிய மாநிலமான டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டில் அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டார்கள். அங்கே ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் 1889 முதல் வில்லியம் குரோதரின் சிலை இருந்தது. அவர் மருத்துவர், பிற்காலத்தில் டாஸ்மேனிய அரசின் தலைவராகவும் (பிரீமியர்) ஆனவர். 1869-ல் வில்லியம் லேன் என்ற பழங்குடி மனிதர் இறந்தபோது, பிணவறையில் இருந்த அவருடைய உடலிலிருந்து மண்டையோட்டைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, மருத்துவமனைப் பொறுப்பிலிருந்து குரோதர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்தச் செய்தி எதுவும் சிலையில் இல்லை. 2021-ல் நகர மன்றம் நான்கு தற்காலிகக் கலைப்படைப்புகளுக்கு இடம் கொடுத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மாதம் சிலையோடு சேர்ந்து நின்றது. முதலில் பழங்குடிக் கலைஞர் ஆலன் மேன்செல் சிலையின் தலையையும் கைகளையும் சிவப்பாக்கி, ரம்பத்தையும் பழங்குடிக் கொடியையும் அதனிடம் கொடுத்தார். அடுத்து வந்த படைப்பு, பார்வையைக் குரோதரிடமிருந்து எடுத்து லேனின் பக்கம் திருப்பி, அவருக்கென ஒரு தூணை நிறுத்தியது. மற்றொன்று, சிலையைப் பற்றி ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் படம்பிடித்துத் தொகுத்தது. இறுதியாக ஜூலி கஃப் சிலையை முழுவதுமாக மரப்பெட்டியால் மூடிவிட்டார். சிலை இல்லாவிட்டால் இந்தச் சதுக்கம் எப்படி இருக்கும் என்பதை வாதத்தால் விளக்குவதற்குப் பதிலாக, இரண்டு மாதம் அப்படியே வாழ்ந்து பார்க்கும்படி நகரத்தைக் கேட்டுக்கொண்ட செயல் அது.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. குற்றச்சாட்டு முதலில் வந்தது, பாதிக்கப்பட்டவரின் முகம் அடுத்து வந்தது, பிறகு மக்களின் பேச்சு, அதன்பின் வெறுமை. ஒவ்வொரு கட்டத்திலும் மக்கள் எதிர்வினை காட்டவும், மனம் மாறவும், கோபப்படவும் கால அவகாசம் கிடைத்தது. தற்காலிகமானது என்பதால் எதிர்ப்பவர்களும் சற்றே பொறுத்துக்கொண்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் 2022 ஆகஸ்டில் சிலையை அகற்ற மன்றம் வாக்களித்தது. சட்ட முறையீடுகள் தொடர்ந்தன. 2024 மே மாதம், முறைப்படி இறக்கப்படும் முன்பாகவே, இரவோடு இரவாக யாரோ சிலையைக் கணுக்காலோடு அறுத்துத் தள்ளிவிட்டார்கள். இதை வைத்து அந்த முயற்சி தோற்றது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு நகரம் கூடிப்பேசி முடிவுக்கு வந்ததும், அந்த முடிவை நிறைவேற்றச் சட்ட நடைமுறை எடுத்துக்கொண்ட நீண்ட காலமும் தனித்தனிச் செய்திகள்.

நான் பங்கேற்ற பட்டறைகளில் கற்ற ஒரு நடைமுறையை இங்கே விளக்க வேண்டும். சிலையின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, அதன் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, தடித்த பேனாவைக் கையில் கொடுத்துவிட வேண்டும். வரையத் தெரியாது என்று ஒதுங்குபவர்கள் உண்டு. அவர்களிடம், எதை மறைக்க விரும்புகிறீர்களோ அதன் மேல் காகிதத் துண்டை ஒட்டினால் போதும் என்று சொல்லலாம். சிறுவர்கள் பெரும்பாலும் முதலில் சிலையின் உயரத்தைத்தான் மாற்றுகிறார்கள்: பீடத்தை நீக்கி உருவத்தைத் தரையில் நிறுத்தி, பக்கத்தில் தங்களையும் வரைந்துகொள்கிறார்கள். பெரியவர்கள் கல்வெட்டிலிருந்து தொடங்குகிறார்கள். அந்தச் சிலையால் நேரடியாகக் காயப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள் பல நேரம் எதையும் வரைவதில்லை; பேசுகிறார்கள், அல்லது மௌனமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அந்த மௌனத்தையும் பதிலாகவே குறித்துக்கொள்ள வேண்டும். தங்கள் துயரத்தை எல்லார் முன்னிலையிலும் மீண்டும் சொல்லிக் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஒருமுறை சொன்னதைக் கவனமாகப் பதிவுசெய்து, அடுத்தடுத்த கூட்டங்களுக்கு அதை எடுத்துச்செல்வது நடத்துபவர்களின் பொறுப்பு.

கேட்கும் கேள்வியின் அமைப்பும் முக்கியம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 'மான்யுமெண்ட் லேப்' என்ற அமைப்பு 2017-ல் நகரமெங்கும் சிறு கூடங்களை அமைத்து, இன்றைய ஃபிலடெல்ஃபியாவுக்கு ஏற்ற நினைவுச்சின்னம் எது என்ற ஒரே கேள்வியை வழிப்போக்கர்களிடம் கேட்டது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்து குவிந்தன. இந்தச் சிலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தால் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றிருக்கும். யாரை, எதை நினைவில் வைக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டதால் மக்கள் தங்கள் தெருக்களின் கதைகளோடு வந்தார்கள். அதே அமைப்பு 2021-ல் அமெரிக்காவின் 48,000-க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்களைத் தணிக்கை செய்து வெளியிட்ட அறிக்கையில், கடற்கன்னிகளுக்கு 22 சிலைகளும், அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த பெண்களுக்கு 2 சிலைகளும் இருப்பதாகக் கண்டறிந்தது. பொதுவெளி யாருடைய நினைவுகளால் நிரம்பியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சிலையை அகற்றவே முடியாத இடங்களும் உண்டு. இத்தாலியின் போல்சானோ நகரில், முன்னாள் பாசிசக் கட்சி அலுவலகத்தின் முகப்பில், குதிரைமேல் முசோலினி அமர்ந்திருக்கும் மிக நீண்ட புடைப்புச் சிற்பம் கட்டடத்தோடு ஒட்டியிருக்கிறது. நம்பு, கீழ்ப்படி, போரிடு என்ற முழக்கமும் அதிலேயே உண்டு. பொதுப் போட்டி நடத்தித் தேர்ந்தெடுத்த வடிவமைப்பின்படி, 2017-ல் அந்தச் சிற்பத்தின் முன்னால், கீழ்ப்படியும் உரிமை எவருக்கும் இல்லை என்ற, சர்வாதிகாரத்தை ஆராய்ந்த சிந்தனையாளர் ஹன்னா அரென்ட்டின் கருத்தை ஜெர்மன், இத்தாலியம், லடின் (அப்பகுதி மலைமக்களின் மொழி; இலத்தீன் அல்ல) ஆகிய மூன்று வட்டார மொழிகளில் ஒளிரும் எழுத்துகளாகப் பதித்தார்கள். கல்லுக்குச் சேதமில்லை, ஆனால் அந்த வரியைக் கடக்காமல் முசோலினியைப் பார்க்க முடியாது. அதே நகரில், பாசிசக் காலத்து வெற்றி நினைவுச்சின்னத்தின் முன்னுள்ள சதுக்கத்துக்கு அமைதிச் சதுக்கம் என்று பெயர் மாற்றியபோது, 2002-ல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பழைய பெயரையே மீட்டார்கள். சமூகம் என்று நாம் ஒருமையில் சொல்லும் கூட்டத்துக்குள் எத்தனை அச்சங்களும் பழைய கணக்குகளும் இருக்கின்றன என்பதை மறந்துவிட்டு இந்த வேலையில் இறங்கக் கூடாது. பெரும்பான்மை வாக்கு ஒன்றே சமூகத்தின் குரல் ஆகிவிடாது. சிறுபான்மையாக இருப்பவர்களைத்தான் இத்தகைய சின்னங்கள் பெரும்பாலும் காயப்படுத்துகின்றன.

அரசே கேட்க மறுக்கும்போது என்ன செய்வது என்பதற்குப் புடாபெஸ்ட் ஒரு விடை தருகிறது. 2014-ல் ஹங்கேரி அரசு சுதந்திரச் சதுக்கத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பால் பாதிக்கப்பட்டோருக்கு என்று ஒரு சின்னத்தை எழுப்பியது. ஹங்கேரியைக் குறிக்கும் கேப்ரியல் தேவதூதர்மீது ஜெர்மானியக் கழுகு பாய்வதாக அமைந்த அந்தச் சிற்பம், யூதர்களை நாடுகடத்தியதில் ஹங்கேரிய அரசுக்கு இருந்த பங்கை மறைக்கிறது என்று மக்கள் கொதித்தார்கள். எதிர்ப்பு காரணமாக, ஒரு ஜூலை இரவில் காவலர்கள் சூழச் சிலையை நிறுவினார்கள். திறப்பு விழாவே நடக்கவில்லை. மக்களோ, சிலை எழும் முன்பே அதன் எதிரில் தங்கள் சொந்தப் பொருள்களைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கியிருந்தார்கள். திரும்பி வராத உறவினர்களின் புகைப்படங்கள், மூக்குக்கண்ணாடி, காலணி, பயணப்பெட்டி, பெயர் எழுதிய கூழாங்கல், கையால் எழுதிய குடும்பக் கதை. மழையில் நனையாதிருக்கத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து பொது விவாதங்களை நடத்தினார்கள். வெண்கலத்தில் வார்த்த அரசின் வாக்கியத்துக்குக் காகிதத்திலும் கல்லிலும் தினமும் பதில் எழுதப்பட்டது. எந்த நகராட்சியும் இதற்கு நிதி ஒதுக்கவில்லை, எந்தக் கலைஞரும் கையெழுத்திடவில்லை. இதுவரை நான் அறிந்த மறுகற்பனைகளில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

அருங்காட்சியகத்துக்கு மாற்றுவது என்ற வழி நமக்குப் புதிதல்ல. 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஜேம்ஸ் நீலின் சிலையைச் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றக் கோரி 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது, தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. தெருவிலிருந்து சிலை போனது சரியே. ஆனால் சிலையோடு சேர்ந்து, அதை எதிர்த்தவர்களின் கதையும் காட்சிக்கு வைக்கப்படாவிட்டால், இடமாற்றம் பாதி வேலையாகவே நின்றுவிடுகிறது.

இவை அனைத்தையும்விட ஆழமாகச் செல்லும் முயற்சி அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் படைத்தளபதி ராபர்ட் இ. லீக்கு அங்கே 1924-ல் நிறுவப்பட்ட குதிரைச் சிலையை முன்வைத்து 2017-ல் வெள்ளை இனவாதிகள் நடத்திய பேரணியில் ஒரு பெண் உயிரிழந்தார். 2021 ஜூலையில் சிலை இறக்கப்பட்டது. அதைக் கேட்டு வந்த பல விண்ணப்பங்களுக்கிடையே, ஊரில் உள்ள ஜெஃபர்சன் பள்ளி ஆப்பிரிக்க அமெரிக்க மரபு மையத்திடம் ஒப்படைக்க நகர மன்றம் முடிவெடுத்தது. சிலையை உருக்கி, அந்த வெண்கலத்திலிருந்தே புதிய பொதுக் கலைப்படைப்பை உருவாக்குவது மையத்தின் திட்டம். வழக்குகள் தீர்ந்தபின் 2023 அக்டோபரில், பாதுகாப்புக் கருதி இடம் வெளியிடப்படாத ஒரு வார்ப்பாலையில் அந்த வேலை நடந்தது. சிலையைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். தலையிலிருந்து முகத்தை எரிவாயுச் சுடரால் வெட்டிப் பிரித்தார்கள். எல்லாவற்றையும் உலையிலிட்டு உருக்கிப் பாளங்களாக வார்த்தார்கள். அந்தப் பாளங்கள் என்னவாக வேண்டும் என்ற முடிவை ஊர் மக்களின் கருத்துகளோடு சேர்ந்து எடுப்பதாக மையம் அறிவித்திருக்கிறது. நூறாண்டுக்கு முன் கறுப்பின மக்களை அச்சுறுத்துவதற்காக நிறுத்தப்பட்ட உலோகம், அந்த அச்சத்தில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பொறுப்புக்கு வந்திருக்கிறது என்பது எனக்கு மிகப் பெரிய செய்தி.

இத்தகைய முயற்சியைத் தொடங்க நினைக்கும் நகராட்சிகளிடமும் அமைப்புகளிடமும் நான் வற்புறுத்திக் கேட்பது சில நடைமுறைச் செய்திகளைத்தான். அகற்றுவது உட்பட எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். எந்த வழி உண்மையில் அடைபட்டிருக்கிறதோ, அது சட்டத்தாலா கட்டட அமைப்பாலா என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். கலைஞருக்கும் ஆலோசகருக்கும் ஊதியம் தருவதுபோல, வேலைக்கூலியை விட்டுவிட்டு வந்து மாலை முழுவதும் உட்கார்ந்து பேசும் சமூக உறுப்பினர்களுக்கும் தர வேண்டும். அதை வரவுசெலவுத் திட்டத்தில் முதல் வரியிலேயே எழுத வேண்டும். பலகையின் வாசகத்தை இறுதி செய்யும் அதிகாரம் எந்தக் குழுவிடம் இருக்கிறது, அந்தக் குழுவில் பாதிக்கப்பட்ட சமூகத்தினர் எத்தனை பேர் என்பது தெளிவாக இருக்க வேண்டும். பிரிஸ்டலில் ஒவ்வொரு கை மாறும்போதும் வாசகம் தேய்ந்தது இந்தத் தெளிவு இல்லாததால்தான். புதிதாகச் சேர்க்கப்படும் படைப்பை யார் துடைப்பது, யார் பழுதுபார்ப்பது, யாராவது சிதைத்தால் எத்தனை நாளுக்குள் சரிசெய்வது என்பதும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். பழைய சிலைக்கு அந்த ஏற்பாடுகள் எல்லாம் பல பத்தாண்டுகளாகக் கேட்காமலே கிடைத்துவந்திருக்கின்றன.